குபேரன் ஏறிய கார்

அன்று அறிவியல் அறையில் இருந்தவர்கள்: பள்ளித் தாளாளர் சத்யநாராயணன், அவருடைய டிரைவர் கோதண்டம், தலைமையாசிரியை சரளா, அறிவியல் ஆசிரியை ஜெரூஷா, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஜான்சி, ஜெரூஷாவின் மகள். கண்ணாடித் தொட்டிக்குள் ஓர் ஆமையும் இருந்தது. வேறு யாராவது "நானும் அங்கேதான் இருந்தேன்" என்றால் நம்ப வேண்டாம்.

"சயின்ஸ் ரூமுக்கு என் பரிசு," என்றார் தாளாளர். "பேரு குபேரன். நாலு வருஷமா நம்ம வீட்ல இருக்கான். ரொம்ப ராசிக்காரன்."

"இவன் வந்ததுலேர்ந்து நம்ம வண்டி ஒரு வாட்டிகூட பஞ்சர் ஆகல," என்றார் கோதண்டம்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜான்சி தட்டவில்லை. ஆமையின் கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. நட்சத்திர ஆமை! வீட்டில் வளர்க்கச் சட்டம் அனுமதிக்காத உயிர். போன வாரம்தான் அம்மா பாடம் நடத்தினார்.

அம்மாவைப் பார்த்தாள். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்தால் அடுத்தது சண்டைதான். கூண்டுக் கிளி விற்ற ஒருவரோடு அப்படித்தான் ஆரம்பித்தது.

ஜெரூஷா முன்பு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் இருந்தவர். நல்ல சம்பளம். ஞாயிறுதோறும் செம்பாக்கம் ஏரிக்குப் பறவை பார்க்கப் போவார். அங்கே கூடி நின்று கேள்வி கேட்ட பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே, தன் வேலை இதுதான் என்று கண்டுகொண்டார். கம்பெனியை விட்டார், பி.எட். படித்தார், இந்தப் பள்ளிக்கு வந்தார். இன்னும் தற்காலிக வேலைதான். அதை நிரந்தரமாக்க வேண்டியவர் இதே தாளாளர்.

அம்மா பேசினால் வேலை போகும். பேசாவிட்டால் அம்மாவின் தூக்கம் போகும். குபேரனோ தொட்டியின் மூலையைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சார்..." என்றார்.

ஜான்சி சட்டென்று எழுந்தாள். "சார், குபேரன் ஏன் சார் மூலையையே சுரண்டறான்?"

"விளையாடறாம்மா."

"வீட்லயும் இப்படித்தானா?"

தாளாளர் யோசித்தார். "ஆமா... எப்பவுமே."

"வெளியே போக வழி தேடறான் போல சார்." ஜான்சி ஓட்டின் மஞ்சள் கோடுகளைக் காட்டினாள். "இது நட்சத்திர ஆமை. வீட்ல வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நிறைய பேருக்குத் தெரியாது. எனக்கே போன வாரம்தான் தெரியும். நீங்களே வனத்துறைல கொண்டுபோய்க் கொடுத்தீங்கன்னா, கொடுத்தது எங்க தாளாளர்தான்னு ஊரெல்லாம் சொல்லுவோம் சார்."

சரளா மேடம் ஜான்சியை உட்காரச் சொல்லிக் கையசைத்தார். தாளாளரின் முகம் சிவந்தது.

"நிஜமா டீச்சர்?"

"நிஜம்தான் சார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இவ முந்திக்கிட்டா."

"என்கிட்டயே சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன் சார்."

தாளாளர் தொட்டியருகே குனிந்து பார்த்தார். குபேரன் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"கோதண்டம், வண்டியை எடு."

"இன்னா சார், ராசியைக் கொண்டுபோய் வுட்டுடப் போறீங்களா? பஞ்சர் ஆனா என்னைக் கேக்காதீங்க."

"ஸ்டெப்னி இருக்குல்ல? எடுய்யா." பிறகு திரும்பினார். "சரளா மேடம், ஜெரூஷா டீச்சரோட பெர்மனென்ட் ஆர்டரைக் கொண்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டே கிளம்பறேன். போன வாரப் பாடத்தை இந்தப் பொண்ணு எங்கிட்டயே திருப்பி நடத்துதே!"

ஆமையை அதிகாரிகள் வந்து பறிமுதல் செய்ததாக ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. தாளாளர் தாமே கொண்டுபோய் ஒப்படைத்தார். பின் சீட்டில் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஜான்சி.

வண்டி வழியில் பஞ்சர் ஆனதாம். ஆகவில்லை.