அப்பாவின் விரலுக்கு ஏற்ற காற்றாடி

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இருநூறு காத்தாடி முடியணும். முடிஞ்சா வெள்ளிக்கிழமை நாலு பேரும் வீராம்பட்டினம் தேருக்குப் போறோம். இல்லன்னா அப்பா மட்டும் போய் விக்கட்டும், நாம வீட்டுல உக்காந்து மீதியைச் செய்யலாம்" என்றாள் அம்மா.

சுலோசனாவின் அம்மா வசந்தா சொன்னால் சொன்னதுதான். அழுதாலும் நடக்காது, புரண்டாலும் நடக்காது.

அன்று புதன்கிழமை. முத்தியால்பேட்டையில் அவர்கள் வீட்டுக் கூடம் முழுக்க வண்ணக் காகிதம். காகிதம் வெட்டுவதிலிருந்து குச்சியில் சுழலும்படி மாட்டுவது வரை அவரவர் காற்றாடியை அவரவரே செய்தார்கள். தங்கை வேம்பு செய்ததில் ஒன்று தாம்பாளம் அளவு, இன்னொன்று அப்பளம் அளவு. இருட்டும்போது எண்ணினால் ஐம்பதுகூடத் தேறவில்லை. இந்த லட்சணத்தில் தேராவது, திருவிழாவாவது!

மறுநாள் காலையில் சுலோசனா சொன்னாள்: "அம்மா, நம்மகிட்ட கத்திரிக்கோல் ஒண்ணுதான் இருக்குது. நேத்து பாதி நேரம் அதுக்காகவே காத்துக்கிட்டு இருந்தோம். ஆளுக்கு ஒரு வேலையா பிரிச்சுக்கலாமே."

"எங்க மில்லுலயும் அப்படித்தாம்மா" என்று தலையாட்டினார், மில்லுக்கு லீவு போட்டிருந்த அப்பா கன்னியப்பன்.

அளவாக வெட்டிய ஓர் அட்டையைக் காகிதத்தில் வைத்துக் கோடு போடுவது வேம்பு. வெட்டுவது அம்மா. கடைசியில் ஊசியில் பாசிமணி கோத்து, குச்சியின் துளையில் மாட்டி, குறடால் முனையை மடக்குவது சுலோசனா. நடுவில் ஒரு வேலை இருந்தது. காகிதத்தின் நான்கு மூலைகளையும் நடுவுக்கு மடக்கிக் குண்டூசி குத்த வேண்டும்.

"ஊசி உங்க கையைக் குத்திடும். அதை நான் பார்த்துக்கறேன்" என்றார் அப்பா.

அப்பா மில்லில் பஞ்சுப் பொதி தூக்குகிறவர். அவர் கட்டைவிரல் பேயன் வாழைப்பழத் தடிமன் இருக்கும். அவர் ஒரு மூலையைப் பிடித்தால் இன்னொரு மூலை எழுந்துகொண்டது. அதை அமுக்கினால் ஊசி கீழே விழுந்தது. பத்து மணிக்குள் அவர் முன்னால் வெட்டிய காகிதம் மலையாகக் குவிந்துவிட்டது. சுலோசனாவோ வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நீ ரொம்ப லேட்டு" என்றாள் வேம்பு.

"குடுங்க, நான் குத்தறேன்" என்றாள் அம்மா.

"வேணாம். இதுகூட என்னால முடியலைன்னா எப்படி?" என்றார் அப்பா. அவர் முகம் சுருங்கிவிட்டது.

சுலோசனாவுக்குப் பாவமாக இருந்தது. அப்பாவிடமிருந்து வேலையைப் பிடுங்கினால் அவர் மனசு நொந்துபோகும். பிடுங்காவிட்டால் தேர் போச்சு. என்ன செய்வது?

அவள் இரண்டு காகிதங்களையும் ஒரு ஊசியையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். பழைய துணியைக் கிழித்துத் தன் விரல்களில் சுற்றினாள், தடிமனாக. பிறகு ஊசியைக் குத்திப் பார்த்தாள்.

பின்னாலேயே வந்த வேம்பு, "இன்னாக்கா, அடிபட்டுடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லடி. இப்ப இது அப்பா கை."

வேம்பு விழுந்து விழுந்து சிரித்தாள். சுலோசனா சிரிக்கவில்லை. ஒரு மூலை, இரண்டு மூலை வரை சரியாக வந்தது. மூன்றாவதைப் பிடிப்பதற்குள் முதல் மூலை எகிறியது. அட! ஊசி குத்துவது கஷ்டமே இல்லை, மூலைகளைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். அவை தாமாகவே படிந்து கிடந்தால்?

அடுப்படிக்கு ஓடி ஒரு கரண்டி மைதாப் பசை காய்ச்சினாள். மூலைக்கு ஒரு பொட்டு வைத்து ஒட்டினாள். காய்ந்ததும் துணி சுற்றிய விரலாலேயே குத்தினாள். ஊசி நறுக்கென்று இறங்கியது.

இன்னொன்றை ஒட்டிக் காயவைத்து அப்பாவிடம் நீட்டினாள். "இதைக் குத்திப் பாரேன்ப்பா."

அப்பா ஒரே அழுத்தாக அழுத்தினார். "இன்னாம்மா இது, அடங்கி உக்காந்திருக்குது!"

அதன்பிறகு கோடு போட்டு முடித்த வேம்புவுக்குப் பசை வைக்கும் வேலையும் கிடைத்தது. ஒட்டியவற்றைப் பாயில் பரப்பி, ஆடிக்காற்று அள்ளிக்கொண்டு போகாமல் கதவைச் சாத்தினார்கள். முதல் இருபது காய்வதற்குள் அடுத்த இருபது தயாரானது. பஞ்சுப் பொதியைத் தள்ளிய கட்டைவிரல் குண்டூசியைத் தள்ளத் தொடங்கியதும் யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. இப்போது சுலோசனா முன்னால்தான் மலை.

"சுலோ, நீ ரொம்ப லேட்டு" என்றார் அப்பா.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இருநூறாவது காற்றாடி முடிந்தது. அப்பா அதை வாயால் ஊதினார். அது விர்ரென்று சுற்றியது.

"பசை வைக்கற யோசனை யாருது?" என்று கேட்டார்.

"அக்காவோடது! துணி சுத்தி உன் கை மாதிரி பண்ணிப் பார்த்துச்சு" என்று போட்டு உடைத்தாள் வேம்பு.

அப்பா சுலோசனாவின் தலையில் கைவைத்து லேசாக ஆட்டினார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சரி, சாப்பிட்டுட்டுச் சீக்கிரம் படுங்க. விடியக்காலையில முதல் பஸ்ஸு, நாலு பேரும்" என்றாள் அம்மா.

"காகிதம் மீதி இருக்குதே. இன்னொரு ஐம்பது குத்தட்டுமா?" என்றார் அப்பா.

கடைசியில் அம்மா குண்டூசி டப்பாவை ஒளித்துவைக்க வேண்டியதாயிற்று.