கம்பி சுற்றிய செருப்பு

சுவரில் எழுதியிருந்த குழி வெட்டுகிறவனின் காலில் செருப்பு இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் வர்ணக் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வியாகுலம் பார்த்தபோது அவன் வெறுங்காலோடுதான் மண்வெட்டியை ஓங்கி நின்றான். இப்போது இரண்டு காலிலும் செருப்பு. வலது செருப்பில் வார் அறுந்து, கம்பி சுற்றியிருந்தது.

அவள் வாசலைப் பார்த்தாள். படிக்குக் கீழே அவள் புருஷன் சூசை கழற்றிப் போட்ட செருப்புகள் கிடந்தன. வலது செருப்பில், போன வாரம் அவளே சுற்றிவிட்ட கம்பி வெயிலில் மினுங்கியது.

சாணார்பட்டிக்குத் தெற்கே, அறுத்த சோளக்காட்டின் நடுவில் இருந்த அந்தச் சின்ன மாதா கோயிலுக்கு அவர்கள் வந்து இருபது நாளாகியிருந்தது. ஐம்பத்தேழாம் வருஷத்துப் பங்குனி. வேதத்தில் வருகிற நான்கு ஆபத்துகளை உட்சுவரில் படமாக எழுதித் தரும்படி சாமியார் கேட்டிருந்தார். குழி வெட்டுகிறவன், வேலியைப் பிரிக்கிறவன், கல்லைப் பெயர்க்கிறவன், மரம் பிளக்கிறவன். ஒவ்வொருவனுக்கும் அவன் வேலைக்குள்ளேயே மரணம் காத்திருக்கும். பார்க்கிற ஜனங்கள் அடுத்த அடியை யோசித்து வைப்பார்கள் என்று சாமியார் நினைத்தார். நான்கு பேருக்கும் சூசை முகம் எழுதவில்லை, முதுகு மட்டும்தான். முகம் வைத்தால் அது யாரோ ஒருத்தனாகிவிடும் என்பான்.

வர்ணம் முழுவதும் அரைப்பது வியாகுலம். அதனால்தான் அவளுக்குப் பயம். பத்து நாளுக்கு முன்னால், வேலி பிரிக்கிறவன் தலையில் பச்சைத் துண்டு ஒன்று வந்திருந்தது. அதுவரை அவள் பச்சையே அரைக்கவில்லை. மறுநாள் கொத்தனார் சுருளிவேல் பச்சைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, சுண்ணாம்புக் குழிக்கு இடம் பண்ணக் கோயிலுக்குப் பின்னால் இருந்த கிளுவை வேலியைப் பிடுங்கினார். விரியன் கடித்தது. வண்டி திண்டுக்கல்லை எட்டுமுன் உயிர் போய்விட்டது.

அவர் விட்ட குழியைச் சூசையே வெட்டினான். ஆளாழம். நேற்றுத்தான் கல்லுச் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். இன்னும் அடியில் குமுறிக்கொண்டிருந்தது.

"இந்தச் செருப்பை நீங்களா எழுதுனீங்க?"

சூசை சுவரருகே போய் வெகுநேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். "எனக்கு இம்புட்டு நல்லாக் கம்பி சுத்த வருமா? உன் கைவேலை மாதிரியில்ல இருக்கு."

அவள் வெளியே வந்தாள். மீதமிருந்த நீலப் பொட்டலத்தை மணலுக்குள் புதைத்துவிட்டு, நீலம் தீர்ந்துபோச்சு என்றாள். டவுனுக்குப் போனால் அவன் சாயங்கால பஸ்ஸில்தான் திரும்புவான். அதுவரை குழிக்கும் அவனுக்கும் எட்டு மைல் இருக்கும். அவன் போனதும் குழியின் மேல் போட்டிருந்த நான்கு பனம்பலகைகளையும் மிதித்துப் பார்த்தாள். ஓரத்தில் கல்லேற்றினாள். கோயிலுக்குள் வந்தாள்.

சுவரில் இருந்தவன் கையில் இப்போது மண்வெட்டி இல்லை. வலது கால் தூக்கியிருந்தது.

அழித்துவிடலாம். அவன் சுவரில் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முன்கதவைத் தாழிட்டாள். வெள்ளையடிக்க வாளியில் சுண்ணாம்பு இல்லை, குழியில்தான் இருந்தது. பின்வாசல் வழியே போய், கல்லைத் தள்ளி, இரண்டு பலகையை உருவி, கயிறு கட்டி வாளியை இறக்கினாள். வெந்த மண்ணின் வாடையும் சூடும் முகத்தில் அடித்தன. ஒரு வாளி போதாது, மறுபடியும் வரவேண்டியிருக்கும் என்று பலகைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

நார் மட்டையால் முதலில் செருப்பைப் பூசினாள். பிறகு கால். பிறகு முதுகு. ஈரச் சுண்ணாம்பு எதையும் மறைக்காது, காய்ந்தால்தான் வெளுக்கும் என்று தெரிந்தும் பூசிய இடத்திலேயே பூசினாள். வெள்ளைக்குள்ளிருந்து அவன் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தான். உச்சிவெயில். காக்கைச் சத்தம்கூட இல்லை. மட்டை சுவரில் உரசுவதும் அவள் மூச்சும்தான்.

அப்புறம் அது கேட்டது. சப். சரக். சப். சரக்.

கம்பி தரையில் உரசும் சத்தம்.

முன்கதவு அசைந்தது. "ஏ புள்ள, கதவை எதுக்குப் பூட்டுன? பஸ் ஏறவே இல்ல. சாணார்பட்டிக் கடையிலேயே நீலம் கிடைச்சிருச்சு."

கையில் மட்டை. கண் சுவரில். வீட்டில் அடுப்படியிலிருந்து தினமும் சொல்கிற மாதிரி, யோசிக்காமல், வாய் சொல்லிவிட்டது.

"பின்னால வாங்க."

சப். சரக். வலப்பக்கச் சுவரோரம்.

சப். சரக். மூலை திரும்புகிறது.

பலகை.

இரண்டு பலகை.

மட்டையைப் போட்டாள். ஓடினாள். வாளி காலில் இடறியது.

சப்.

சரக் வரவில்லை.

காட்டு வேலைக்கு வந்தவர்கள் கயிறு போட்டு எடுத்தார்கள். அவளைப் பார்க்க விடவில்லை. சாமியார் வந்தார், ஜெபம் சொன்னார். சாயங்காலம் உடலை ஏற்ற வண்டி வரும்வரை அவள் கோயிலுக்குள் போய் நின்றாள்.

சுவர் காய்ந்திருந்தது. குழி வெட்டுகிறவன் முழுக்க மறைந்துவிட்டான். அவன் நின்ற இடம் வெள்ளை. குழி மட்டும் அப்படியே இருந்தது.

குழியின் விளிம்பில், அந்த வெள்ளையின் மேல், முதுகைக் காட்டியபடி ஒரு பெண் நின்றாள். காவிநிறச் சேலை. வெறுங்கால். கையில் கயிறு கட்டிய வாளி.

வியாகுலம் தன் சேலையைக் குனிந்து பார்த்தாள்.

பின்வாசல் பக்கமிருந்து யாரோ மெதுவாகக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

சுவரில் இருந்தவளின் தலை லேசாகத் திரும்பியிருந்தது.