சிரில் போட்ட கோடு

சிரிலைப் புதைத்துவிட்டு வந்த அன்று, சாயங்காலம் பப்பைத் திறக்க இன்னும் நேரமிருக்கையில், வில்ஃப் கல்லாவுக்குப் பின்னால் நின்று பீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கனத்தைத் தாங்கிக்கொண்டு புதுக் கயிறு மெல்ல முறுகி, சற்று நின்று, மறுபடி முறுகுகிற சத்தம். வேறு யாராயிருந்தாலும் பழைய மரம் குளிரில் முனகுகிறது என்று விட்டிருப்பார்கள். வில்ஃப், சிரிலைப் போலவே, இருபது வருஷம் அரசாங்கத்துக்காகக் கைதிகளைத் தூக்கில் போட்டவன்.

"மேவிஸ், கீழ எதையாவது கட்டித் தொங்கவிட்டிருக்கியா?"

மாடியிலிருந்து மனைவி கத்தினாள்: "ஆமா, உன் மானத்தை! சவக்குழி ஓரத்துல நின்னு, பாவம் சிரில் பொண்டாட்டி காது கேக்க அப்படிப் புளுகிட்டு வந்திருக்கியே, உனக்கே அசிங்கமா இல்ல?"

புளுகுதான். நாட்டில் கடைசியாகத் தூக்குப் போட்டது யார் என்று பத்திரிகைக்காரன் ஒருவன் கல்லறையில் கேட்டான். "நான்தான். சிரில் என்கிட்ட உதவியாளா இருந்தவன். கைதியோட காலைக் கட்டுறதோட அவன் வேலை சரி" என்று வில்ஃப் கூசாமல் சொல்லிவிட்டான். சொன்னதும் நெஞ்சு குளிர்ந்தது. எத்தனை வருஷத்து எரிச்சல்!

கடைசித் தூக்குகள் இரண்டு, ஒரே காலையில், வேறு வேறு சிறைகளில் நடப்பதாக இருந்தன. ஒன்று சிரிலுக்கு, ஒன்று வில்ஃபுக்கு. முதல் நாள் மாலை, வழக்கம்போல, கைதியின் எடைக்கு மணலை மூட்டையில் நிரப்பி, பலகைக் கதவைத் திறந்து கீழே விழவிட்டு, கயிறு மறுநாள் மேலும் நீளாமலிருக்கட்டும் என்று தொங்கவிட்டு வந்தான் வில்ஃப். வந்து உட்கார்வதற்குள் அவனுடைய ஆளுக்கு மன்னிப்பு வந்துவிட்டது. சிரிலுடைய ஆளுக்கு வரவில்லை. அப்புறம் தூக்குத் தண்டனையே ஒழிந்தது.

சிரில் பேப்பரில் வந்தான், டெலிவிஷனில் வந்தான். அவனும் ஒரு பப் நடத்தினான். அங்கே பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து அவன் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். வில்ஃப் இங்கே ஈ ஓட்டினான். வயிறு எரியாமல் என்ன செய்யும்? சவப்பெட்டியில்கூட அந்தப் பயல் மாப்பிள்ளை மாதிரிதான் கிடந்தான், மேல்பாக்கெட்டில் வெள்ளைத் துணியை அழகாக மடித்துச் செருகிக்கொண்டு. மற்றவர்கள் அதைக் கைக்குட்டை என்று நினைத்திருப்பார்கள். அது கைதியின் தலையில் மாட்டுகிற உறை. கைதி மிரளாமலிருக்க அதை அப்படி மடித்து வைப்பது வில்ஃபின் யோசனை. அதற்கும் பேர் வாங்கியவன் சிரில்.

சத்தம் ஓயவில்லை. வில்ஃப் டார்ச்சை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினான். புளித்த பீர் வாடையும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் எப்போதும் உள்ளவை. அவற்றோடு கைதியைக் கட்டுகிற, எண்ணெய் போட்ட தோல்வாரின் வாடையும் இன்று கலந்திருந்தது. பீப்பாய்களை இறக்குவதற்காகப் பின்பக்க நடையின் தரையில் இரட்டைக் கதவு ஒன்று உண்டு. மேல்நோக்கி மட்டுமே திறக்கும் கதவு. இன்று அது கீழ்நோக்கித் திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் கயிறு. கயிற்றில் மணல் மூட்டை, மெல்லச் சுழன்றபடி.

மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தான். ஆளின் எடை அவன் கைக்குத் தெரியும். மன்னிப்பு வாங்கியவன் ஒல்லிப்பிச்சான். இது தொந்தி போட்ட, வயசான தடியனின் எடை.

அவனுடைய எடை.

"மேவிஸ்!" என்று முனகிக்கொண்டே படியேறி நடைக்கு ஓடி வந்தான்.

கதவு மூடியிருந்தது. மூட்டை இல்லை. மேலே உத்தரத்திலிருந்து சுருக்கு தலை உயரத்தில் தொங்கியது. கீழே பலகையில், ஆளின் பாதம் நிற்க வேண்டிய இடத்தில், சுண்ணக்கட்டிக் கோடு.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. சிரிலின் கோடு. இடப்பக்கம் தள்ளியே போடுவான். எத்தனை தரம் சண்டை!

ஓடியிருக்கலாம். வாசல் கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் அந்த நடுக்கத்திலும் பொறாமை விடவில்லை.

"செத்தும் நேரா கோடு போடத் தெரியலையேடா உனக்கு" என்று முணுமுணுத்தான்.

கோடு சரியா என்று பார்க்க ஒரே வழிதான். மேலே நின்று பார்க்க வேண்டும். எந்தச் சிறையிலும் அப்படித்தான் பார்ப்பான்.

நின்றான்.

சுருக்கு இடது காதின் கீழே வந்து உரசியது. முடிச்சு உட்கார வேண்டிய இடம் அதுதான், இம்மியும் பிசகவில்லை.

தோல் வாடை. மிகப் பக்கத்தில்.

கணுக்கால்கள் சேர்ந்து இறுகின.

குனிந்து பார்க்கவில்லை. ஆளின் பின்னால் மண்டியிடுவது யார் வேலை என்று அவனுக்குத் தெரியும்.

"நீதானே சொன்ன, வில்ஃப்" என்றது முழங்காலருகே ஒரு குரல். "காலைக் கட்டுற வேலைன்னு."

மாடியிலிருந்து மேவிஸ். சந்தோஷக் குரல். "வில்ஃப்! ஜன்னல்ல வந்து பாரேன்! வாசல்ல ஒரே கூட்டம்! உன் கையைக் குலுக்கணுமாம்!"

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. மணிக்கட்டுகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தன.

வாசலில் கதவைத் தட்டினார்கள். சிரித்துக்கொண்டே தட்டினார்கள்.

சிரில் எழுந்து முன்னால் வந்து நின்றான். சவப்பெட்டியில் கிடந்த அதே முகம். கண்கள் மட்டும் திறந்திருந்தன. கை மேல்பாக்கெட்டுக்குப் போயிற்று.

வெள்ளைத் துணி, மடிப்பு மடிப்பாக, வில்ஃபின் முகத்துக்கு நேரே விரிந்தது.