பின்னால் வருகிறவர்கள்

வண்டிகள் இரண்டுதான். முன்னால் போகும் ஜீப்பிலிருந்து கேப்டன் அரைமணிக்கு ஒருமுறை வாக்கிடாக்கியில் "ஒண்ணு" என்பார். பின்னால் வரும் ஜீப்பை ஓட்டும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் "ரெண்டு" என்று பதில் சொல்ல வேண்டும். பாலைவன மணல் மேடுகளுக்கு நடுவில் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் மறைந்துவிடுவதால் நண்பர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. பயணத்தின் இரண்டாம் நாள் காலை எட்டரைக்கு அவர் "ரெண்டு" சொல்லிப் பொத்தானை விட்டதும், வாக்கிடாக்கி மறுபடியும் க்ளிக் என்றது. யாரோ பேச வாயெடுத்ததுபோல ஒரு கரகரப்பு. பிறகு, உலர்ந்த தொண்டையில் எச்சில் விழுங்கும் சத்தம்.

"கேட்டியா?" என்றார் பக்கத்தில் இருந்த நண்பரிடம்.

நண்பர் எலக்ட்ரீஷியன். எல்லோருக்கும் அவர் கரண்ட். கண்ணாடிக் கடைக்காரருக்கோ, பார்க்கிறவர்களையெல்லாம் "பவர் என்ன?" என்று கேட்டுக் கேட்டே பவர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்தினா ஃப்யூஸ் போயிடும் என்று புறப்படும்போதே கேப்டன் கிண்டலடித்திருந்தார்.

"எவனோட லைனாவது குறுக்க வந்திருக்கும். நீ ரோட்டைப் பாரு," என்றார் கரண்ட். "அதாவது, ரோடு இருந்தா பாரு."

ஒன்பது மணிக்கும் அது கேட்டது. ஒன்பதரைக்கு இன்னும் கிட்டத்தில், காதோரம் யாரோ குனிந்ததுபோல.

பத்து மணிக்குத் தேநீருக்காக நிறுத்தினார்கள். ஜீப்பின் நிழலில் கேப்டனின் மச்சான் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தான். சூடேறிய ரப்பர் வாசமும் தேயிலை வாசமும் கலந்து, அசையாத காற்றில் அப்படியே நின்றன.

"மச்சான், இது டீயா, டயர் கழுவின தண்ணியா?" என்றார் கேப்டன்.

"டயர் கழுவக்கூடத் தண்ணி வேணும் மாமா. நம்ம வண்டியில ரெண்டு கேன்தான் மிச்சம்."

"எங்க வண்டியில மூணு இருக்கு, எடுத்துக்கலாம்," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "நேத்து அந்த ஆளுக்கு நீங்க எவ்வளவு குடுத்தீங்க?"

"எந்த ஆளு?"

"பானட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னாரே, பிக்கப் வண்டி. கேனைக் கவுத்துக் காட்டினாரே."

கேப்டன் டம்ளரை மணலில் வைத்தார். "நீதானே குடுத்தே? ஏத்தத்துல நிறுத்தினா வண்டி புதைஞ்சிடும்டா. பின்னாடி வண்டி வருது, அவங்க குடுப்பாங்கன்னு கையைக் காட்டிட்டு வந்தேன்."

"நீ வேகத்தைக் குறைச்சே. குடுத்துட்டேன்னு நினைச்சேன்."

மச்சான் அடுப்பை அணைத்தான்.

அந்த மனிதர் இரண்டாவது ஜீப்பைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தது கண்ணாடிக் கடைக்காரருக்கு நினைவிருந்தது. கேப்டன் செய்த உதவிக்கு நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, அவரும் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்துவிட்டுக் கடந்து போனார். மனதுக்கு நிறைவாகக்கூட இருந்தது. இருபத்திரண்டு வருடமாகத் தன் கடைவாசலில் குடிதண்ணீர் வைக்கிறவர் அவர். ஒரு டம்ளர் தண்ணீரைவிட எளிதாகச் செய்யக்கூடிய நல்ல காரியத்தைக் கடவுள் மனிதனுக்குக் கொடுக்கவில்லை என்று நம்புகிறவர்.

"திரும்பலாம்," என்றார்.

"ஒரு நாள் போயிடும்டா. இதுக்குள்ள வேற யாராவது வந்திருப்பாங்க."

"அதைத்தானேடா நேத்தும் நினைச்சோம்."

மீதித் தேநீரைக் கீழே ஊற்றப் போன கேப்டன், ஊற்றாமல் குடித்து முடித்தார்.

அடுப்பை ஏற்றத் தன் ஜீப்பின் பின்பக்கம் போனபோதுதான் கண்ணாடிக் கடைக்காரர் காலடிகளைப் பார்த்தார். வெறுங்கால். ஜீப்பின் இரண்டு டயர் தடங்களுக்கு நடுவில் நேராக நடந்து வந்து, பின்கதவருகே இரண்டு பாதங்களும் சேர்ந்து நின்றிருந்தன. விரல்கள் கதவைப் பார்த்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

"கரண்ட், செருப்பைக் கழட்டினியா?"

"இந்தச் சூட்டுலயா? காலு வெந்துடும்டா."

கண்ணாடிக் கடைக்காரர் வண்டியில் ஏறினார். போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டும். அதை மட்டும் மனதுக்குள் ஒரு பிரார்த்தனையாகச் சொல்லிக்கொண்டு, வந்த தடத்திலேயே வண்டியைத் திருப்பினார். இந்த முறை அவர் முன்னால் போனார்.

காலடிகள் தடத்தை விட்டு விலகவே இல்லை. ஜீப் வேகமாகப் பாய்ந்த சமவெளியிலும், புதைந்து புதைந்து ஏறிய மேட்டிலும் அவை ஒரே அளவில், களைத்த மனிதன் எடுத்து வைக்கும் சிறிய எட்டுகளாகவே இருந்தன. ஓடியதற்கான அடையாளம் ஓரிடத்திலும் இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டியபோது, தடத்தின் ஓரத்தில் இன்னொரு ஜோடிப் பாதங்கள் சேர்ந்து நின்று முடிந்திருந்தன. அதற்கு அப்பால் மணலில் இரண்டு பேர் நடந்து வந்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச தூரத்தில் மூன்று. பிறகு ஐந்து.

"கிளம்பினப்போ நிறைய பேரு," என்றார் கரண்ட். "ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க."

நின்றவர்கள் திரும்பிப் போன தடம் எங்கேயும் இல்லை.

முந்தைய நாள் கூடாரம் போட்டிருந்த இடத்துக்கு மதியம் வந்தார்கள். கூடாரத்துணி அழுந்திய நான்கு சதுரங்கள் மணலில் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிக் காலடிகள். எல்லா விரல்களும் உள்நோக்கி. கண்ணாடிக் கடைக்காரர் தலைவைத்துப் படுத்த பக்கத்தில், நெருக்கியடித்துக்கொண்டு, சின்னஞ்சிறு பாதங்கள்.

வாக்கிடாக்கி க்ளிக் என்றது. கேப்டன்தான்.

"பவர். நம்ம படுத்திருந்தப்போ..."

"ஆமா."

பின்னால் மச்சானின் குரல், அழுகிற குரல்: "மாமா, திரும்பிடலாம் மாமா."

"தண்ணி கேட்டுத்தானே வந்திருக்காங்க," என்றார் அவர். சொல்லும்போது தன் குரலே வேறு யாருடையதோபோல இருந்தது. "நம்மள எழுப்பக்கூட இல்ல."

அதற்கு அப்பால் தடமே தெரியவில்லை. அத்தனை கால்கள். மணல் உழுத நிலம்போலக் கிடந்தது.

வெயில் சாயும்போது பிக்கப் வண்டி தெரிந்தது. பானட் திறந்தபடி. அந்த மனிதர் முன்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன.

கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் இறங்கினார். ஒரு கையில் கேன், ஒரு கையில் டம்ளர். கைக்கெட்டும் தூரத்தில் மண்டியிட்டார். கண்களைப் பார்த்தே பழகியவர். சாய்ந்த வெயில் நேராக விழுந்தும் அந்தக் கருமணிகள் சுருங்கவில்லை.

"ஐயா, மன்னிச்சிடுங்க. குடிங்க."

கை எழுந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டது.

குடிக்கவில்லை.

அந்த மனிதர் திரும்பிப் பார்க்காமலே, டம்ளரைத் தோளுக்குப் பின்னால் நீட்டினார். வண்டியின் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

காலி டம்ளர் திரும்பி வந்தது. உள்ளே ஈரமே இல்லை.

கண்ணாடிக் கடைக்காரர் மறுபடி ஊற்றினார். இந்த முறை அந்தக் கை இன்னொரு கைக்குக் கொடுத்தது. அது, இன்னொரு கைக்கு.

கேன் எடை குறைந்தது.

எழுந்து நின்று பார்த்தார். வண்டியின் நீண்ட நிழலில் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை. பேச்சில்லை. நிழல் முடிந்த இடத்தில் வரிசை முடியவில்லை. மணல் மேட்டில் ஏறிப் போனது. குழந்தைகள். பெண்கள். துணியே மணலாகிப்போன வயதானவர்கள். மணலோடு மணலாக உதடுகள்.

பின்னால் கரண்ட் கூப்பிடுவது கேட்டது. "வாடா. போதும். வாடா!"

கேனைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை டம்ளரில் இறக்கினார். அரை டம்ளர். அதை அந்த மனிதரின் வாயருகே அவரே கொண்டுபோனார்.

"நீங்க இன்னும் குடிக்கலையே ஐயா."

அந்த மனிதர் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மோவாயால் பின்பக்கம் காட்டினார். முதலில் அவர்களுக்கு.

மேட்டின் விளிம்பில், அந்தப் பக்கச் சரிவிலிருந்து, தண்ணீர் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டவர்கள்போல, தலைகள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்தன.