காற்றடிக்கும் ஓரம்

சனிக்கிழமை மதியம் மலையேறத் தொடங்கியதிலிருந்தே காற்று முகத்தில் மோதிக்கொண்டிருந்தது. அப்பா முன்னால் நடந்தார், முதுகில் பெரிய மூட்டை. நடுவில் ஐந்து வயதுத் தம்பி. அவன் பையில் ஒரு துணி யானை மட்டும். கடைசியில் பத்து வயது வாயாடி.

வாயாடி என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். ஒரு காலத்தில் பொருத்தமாகத்தான் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அம்மா நோயில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு வாயாடி கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னாள். அப்பா அதுகூட இல்லை.

வருடா வருடம் நான்கு பேராக வந்து, இந்த மலையில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். மூன்று பேராக வருவது இதுதான் முதல் தடவை.

"மேல யாரு இப்படி ஊதறாங்க?" என்று கேட்டான் தம்பி.

அப்பா மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

"யாரும் ஊதலடா. வாயை மூடிட்டு வா. இல்லேன்னா காத்து வயித்துக்குள்ள போய் உன்னைப் பலூன் ஆக்கிடும்" என்றாள் வாயாடி.

தம்பி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அடுத்த வளைவு வரை எடுக்கவே இல்லை.

மாலையில் ஒரு புல்வெளிக்கு வந்து சேர்ந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வேறு ஆள் இல்லை. அப்பா கூடாரத்தை விரித்து, கயிறுகளை இழுத்து, முளைகளை அடித்தார். பிறகு பாய்களை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதும் வந்தது.

பழக்கத்தில் அதையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சுருட்டி மறுபடி மூட்டைக்குள் திணித்தார்.

வாசல் பக்கம் அப்பாவின் பாய். பக்கத்தில் தம்பி, அப்புறம் வாயாடி. காற்றடிக்கும் ஓரத்தில் ஒரு ஆள் படுக்கிற இடம் காலியாகக் கிடந்தது. வாயாடி மூட்டையை அங்கே வைக்கப் போனாள்.

"அங்க வேண்டாம்மா" என்றார் அப்பா. அவள் மூட்டையை வெளியிலேயே வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் காற்று பலத்தது. காலியாக இருந்த ஓரம் குபுக்கென்று மேலே எழும்பியது. முளை பிடுங்கிக்கொண்டது. அப்பா வெளியே போய் அடித்துவிட்டு வந்தார். மறுபடி பிடுங்கியது. மறுபடி போனார்.

மூன்றாவது தடவை அவர் உள்ளே வந்தபோது தம்பி யானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அங்கதானே அம்மா படுப்பாங்க? அம்மா இல்லேன்னு காத்துக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான்.

அப்பாவின் முகம் வாடிப்போனது.

"கிளம்புங்க. கீழ போயிடலாம். உங்களை நான் இங்க கூட்டிட்டு வந்திருக்கவே கூடாது."

வாயாடி வெளியே எட்டிப் பார்த்தாள். வெயில் மலை உச்சியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே இறங்க மூன்று மணி நேரம் ஆகும். பாதியிலேயே இருட்டிவிடும். பாதை முழுக்கச் சறுக்குக் கல். தம்பியால் முடியாது. அப்பாவுக்கும் இது தெரியும். ஆனால் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் இங்கே உட்கார முடியவில்லை.

அவள் வெளியே இருந்த மூட்டையைத் திறந்து நான்காவது பாயை எடுத்தாள். அந்த ஓரத்தில் விரித்து, அதன்மேல் படுத்துக்கொண்டாள்.

"நான் இங்க படுத்துக்கறேன்ப்பா."

காற்று அவளையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. பாய் ஒரு பக்கம் ஏறி இறங்கியது.

"நான் மட்டும் போதாது. ரொம்ப லேசா இருக்கேன். நீங்களும் வாங்கப்பா."

அப்பா நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெதுவாக வந்து அவள் பக்கத்தில் படுத்தார். கூடாரத்தின் ஓரம் அடங்கியது. அவர் தோள் குலுங்குவது வாயாடிக்குத் தெரிந்தது. அவளுக்கும் அழுகை வந்தது. அடக்காமல் அழுதாள்.

"நானும் வெயிட்டுதான்" என்று சொல்லிக்கொண்டு தம்பி இருவருக்கும் நடுவில் விழுந்தான். "யானையும் வெயிட்டு."

வெகுநேரம் கழித்து அப்பா மூக்கை உறிஞ்சினார்.

"அம்மா ஏன் எப்பவும் இந்த ஓரமா படுப்பா தெரியுமா?"

"அவங்களுக்குக் காத்துன்னா பயமே கிடையாது, அதனாலதானே?" என்றாள் வாயாடி.

"அதெல்லாம் இல்ல. என் குறட்டை தாங்காம ஓடி வந்த இடம் இது."

வாயாடி அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். தம்பி உடனே குறட்டை விட்டுக் காட்டினான்.

வெளியே காற்று விடாமல் ஊளையிட்டது. அப்பா அம்மாவைப் பற்றி இன்னொன்று சொன்னார். அது முடிந்ததும் இன்னொன்று.