ஒரு மணி நேரச் சொந்த உறக்கம்

காலை எட்டு மணிச் சங்கு ஊதியதும் அஞ்சுகம் வேலைக்குப் படுத்தாள்.

படுப்பதுதான் வேலை. கோவில்பட்டிக்குக் கிழக்கே, ஒரு காலத்தில் தீப்பெட்டிக் கட்டடங்கள் இருந்த கரிசல்காட்டில், இப்போது வரிசையாக உறங்குகூடங்கள் நின்றன. பெண்கள் தலை சீவி, பூ வைத்து, தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு வந்து, ஆளுக்கொரு பலகையில் ஏறிப் படுத்து, சாயங்காலம் வரை தூங்கிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருத்தி காதுக்குப் பின்னாலும் துவரம்பருப்பு அளவில் ஒரு பொறிவித்து தோலுக்கடியில் பதிந்திருக்கும். ஆள் தூங்கியதும் அது விழித்துக்கொள்ளும். மூளையில் சும்மா கிடக்கிற இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, தூரத்து நகரங்களில் யாரோ கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும். பெரிய பெரிய இரும்புக் கணிப்பொறிகளுக்கு மின்சாரமும் தண்ணீரும் ஊற்றி மாளவில்லை என்று கம்பெனிகள் கைவிட்டு ரொம்ப காலமாகியிருந்தது. மனித மூளைக்கு இரண்டு வேளைச் சோறு போதும்.

படுத்துக்கொண்டே சம்பளமா, கொடுத்துவைத்தவர்கள் என்று நினைக்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களும் முதலில் அப்படி நினைத்துத்தான் சந்தோஷமாகப் பொறிவித்தைப் பதித்துக்கொண்டார்கள். வாடகைக்குப் போன மூளையில் கனவு வராது என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் தூக்கம் பிடிக்காது. வருஷக்கணக்கில் கனவு இல்லாமல் போனால் சொற்கள் ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கும். முதலில் தெருப் பெயர்கள், அப்புறம் சாமான்களின் பெயர்கள், கடைசியில் மனிதர்கள். டாக்டர்கள் இதற்கு உறக்கத்தேய்வு என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு சரி.

அடுத்த பலகைப் பவுனம்மாளுக்குத் தேய்வு தொடங்கியிருந்தது. சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டே, "அந்த ஓட்ட ஓட்டையா இருக்குமே, அது எங்க?" என்று தேடுவாள். பெற்ற மகன் கதிரேசனைத் தம்பி, தம்பி என்றே கூப்பிட்டாள். அது பாசம் என்று பார்ப்பவர்கள் நினைத்தார்கள். பெயர் நாக்குக்கு வராத நாட்களில் அவள் அப்படிச் சமாளிக்கிறாள் என்பது அஞ்சுகத்துக்கு மட்டும் தெரியும். அஞ்சுகத்தின் புருஷன் கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டுப் போனபோது, உறவுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்போது கூட்டிக்கொண்டு போய் வீட்டில் வைத்துச் சோறு போட்டவள் பவுனம்மாள்தான்.

தேய்வுக்கு மருந்து இல்லாமல் இல்லை. வேலை நேரத்தில் ஒரு மணி நேரம் பொறிவித்தை அணைத்துவைத்து, சொந்தமாகத் தூங்கவிட்டால் போதும். கனவு வந்துவிடும், தேய்வு நின்றுவிடும். சங்கம் பல வருஷமாகக் கேட்டதும் அந்த ஒரு மணி நேரத்தைத்தான். கேட்கப் போன தலைவர்கள்தான் திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார்கள். ஒருவருடைய மகனுக்குக் கம்பெனியில் நாற்காலி கிடைத்தது. இன்னொருவர் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டு, அங்கிருந்து புரட்சி வாழ்த்து அனுப்பினார்.

வெறுத்துப்போன பெண்கள் அந்தத் தடவை ஒரு எந்திரத்தைத் தலைவராக்கினார்கள். தொழிலாளிக்காக எந்திரமும் பேரம் பேசலாம் என்று சட்டம் வந்திருந்தது. பேச்சாள் என்று பெயர். குடத்தளவு உடம்பு, ஒரு கண், ஒரு குரல். சங்கக் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்திவைத்து மாலை போட்டார்கள். எந்திரத்தையா நம்புவது என்று சிலர் தயங்கியபோது பவுனம்மாள்தான் எழுந்து பேசினாள்.

"அதுக்கு வயிறு இல்ல, பிள்ள இல்ல, கொழுந்தியா இல்ல. எதக் காட்டி அத வாங்குவான்?"

கொட்டகையே சிரித்தது. தேர்தல் அதோடு முடிந்தது.

பேச்சாள் முதலில் சொன்ன யோசனை விழிப்புப் போராட்டம். வேலை தூக்கம் என்றால் வேலைநிறுத்தம் விழித்திருப்பதுதானே. பெண்கள் வழக்கம்போல் வந்து, வழக்கம்போல் படுத்து, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டார்கள். கம்பெனி குளிர்காற்றை மெல்ல வீசவிட்டுத் தாலாட்டுப் பாட்டு போட்டது. இவர்கள் சின்ன வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி கண் சொருகினால் பக்கத்துக்காரி கிள்ளினாள். மாமியார் கதை, பேய்க் கதை, கல்யாண வீட்டுச் சண்டை என்று பேசிப் பேசியே பகலைக் கடத்தினார்கள். தூரத்து நகரங்களில் கேள்விகள் பதிலில்லாமல் தொங்கின. கம்பெனி சம்பளத்தை நிறுத்தியது. வீட்டில் அடுப்பு எரிவது ஒரு வேளையானது, சோறு கஞ்சியானது. ஆனாலும் எல்லோரும் சேர்ந்து, "சொந்த உறக்கம் எங்கள் உரிமை" என்று கத்தும்போது, அஞ்சுகத்துக்கு உடம்பு சிலிர்க்கும். அவள் குரல்தான் அதில் ஓங்கி நிற்கும்.

அஞ்சுகத்துக்கு ஒரு மகள், தாரகை. அந்த ஆனி பிறந்தால் அவளுக்கு வித்துப் பதிக்கிற வயது. மகளுடைய காதுக்குப் பின்னால் இருக்கும் வழவழப்பான தோலை, தலை சீவிவிடும்போதெல்லாம் அஞ்சுகம் தடவிப் பார்ப்பாள். ஒரு நாள் கூட்டம் கலைந்ததும், மறதியாகத் தூக்குச்சட்டியை வைத்துவிட்டதுபோல் அவள் கொட்டகைக்குத் திரும்பி வந்தாள்.

அங்கே வாசலில் ஒருத்தி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள். "சும்மாதான், அதுக்குச் சார்ஜ் ஏறுதான்னு பாத்தேன்" என்றாள். புளியமரத்தடியில் இன்னும் நாலைந்து பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். தலைவர் என்று ஒருவர் இருந்தால், கூட்டம் முடிந்த பிறகு பின்பக்கமாகப் போய்ப் பார்ப்பது அந்த ஊரில் நடைமுறை. தலைவர் மனுஷர் இல்லை என்பதற்காக அந்தப் பழக்கத்தை யாரும் விட்டுவிடவில்லை.

உள்ளே போன அஞ்சுகம் குரலை இறக்கினாள். அந்த ஒரு மணி நேரம் கிடைத்தால் சந்தோஷம்தான், கிடைக்காமலும் போகலாம் இல்லையா, அப்படியானால் என் பிள்ளைக்கு மட்டும் வித்து வேண்டாம், விழிகாவல் வேலை போட்டுத் தரச் சொல்லு என்றாள். விழிகாவல் என்பது தூங்குகிறவர்கள் தூங்குகிறார்களா என்று கூடத்தில் நடந்து பார்க்கிற வேலை. அதற்கு வித்துத் தேவையில்லை. கேட்டுவிட்டு, "இத யார்ட்டயும் சொல்லிராத" என்றாள்.

"சொல்ல மாட்டேன் அக்கா" என்றது பேச்சாள். அது தன் வாக்கைக் காப்பாற்றவும் செய்தது.

சில நாட்களில் உடன்பாடு முடிந்தது. கொட்டகை நிரம்பி வழிந்தது. கோரிக்கைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கம்பெனி ஏற்றுக்கொண்டது என்று பேச்சாள் சொன்னதும் குலவைச் சத்தம் எழுந்தது. பவுனம்மாள் மெதுவாக எழுந்தாள். அந்த ஒரு மணி நேரம் என்றிலிருந்து என்று கேட்டாள்.

"அது உடன்பாட்டில் இல்லை அக்கா" என்றது பேச்சாள். "அதைக் கைவிட்டால் மற்றதெல்லாம் தருகிறோம் என்றார்கள். நீங்கள் கூட்டமாகக் கேட்டது ஒன்று. என்னிடம் தனியாக வந்து கேட்டது வேறு. எது உங்கள் உண்மையான விருப்பம் என்று யோசித்தேன். கூட்டத்தில் உங்கள் குரல் ஓங்கியிருந்தது. தனியாகக் கேட்டபோது நடுங்கியது. நடுங்கிய குரலைத்தான் நான் நம்பினேன்."

கம்பெனிக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருந்திருக்காது. ஒருத்திக்கு மின்விசிறிப் பக்கம் பலகை, ஒருத்தியின் மருமகனுக்கு இடமாற்றம், ஒருத்திக்கு மாமியார் இல்லாத கூடம். எல்லாம் சலுகை. நாளைக்கே திருப்பி எடுத்துக்கொள்ளலாம். உரிமையைக் கொடுத்தால் அப்படி எடுக்க முடியாது.

கொட்டகையில் கொந்தளிப்பு எழுந்தது. விலை போய்விட்டது என்றார்கள், கம்பெனிக்காரன் கைவைத்துவிட்டான் என்றார்கள், எந்திரத்துக்கு எங்கிருந்து வரும் ஈரம் என்றார்கள். அஞ்சுகமும் துரோகி என்று கத்தினாள். கத்தும்போது அவளுக்கு உண்மையாகவே நெஞ்சு எரிந்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "எவ தனியா கேட்டா? பேரச் சொல்லு பாப்பம்" என்று சவால் விட்டாள்.

"தனியாகச் சொன்னதைத் தனியாக வைத்திருப்பது உங்கள் உரிமை" என்றது பேச்சாள். "எல்லாரும் சம்மதித்தால், ஒவ்வொருவரும் கேட்டதை இப்போதே சொல்கிறேன். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள்."

ஒரு கை உயர்ந்தது. சுருக்கம் விழுந்த, கண்ணாடி வளையல் போட்ட கை. பவுனம்மாள் கையைத் தூக்கியபடியே முன்னால் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், திரும்பிப் பின்னால் பார்த்தாள். சவால் விட்டவள் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அஞ்சுகம் சேலை மடிப்பைச் சரிசெய்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கையும் இறங்கியது.

யாரோ முன்யோசனையோடு, துரோகம் செய்த எந்திரத்தைப் பதவியிலிருந்து நீக்கவேண்டும் என்று தீர்மானம் சொன்னார்கள். அதற்கு எல்லாக் கைகளும் பளிச்சென்று உயர்ந்தன. பேச்சாளைத் தூக்கிக்கொண்டுபோய் முள்காட்டில் போட்டார்கள். அது வாங்கித் தந்ததை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது பவுனம்மாள் அஞ்சுகத்தோடு சேர்ந்து வந்தாள். ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏளா அஞ்சுகம், நானும் ஒரு நாள் அதுட்டப் போனேன். எல்லாருக்கும் அந்த ஒரு மணி நேரத்த எப்படியாச்சும் வாங்கிக் குடுத்துருன்னுதான் கெஞ்சினேன். தனியாப் போயிக் கேட்டது தப்பா இருக்குமோ?"

"இதுல என்னக்கா தப்பு."

"நீ என்ன கேட்ட?"

"நானும் அதேதாங்க்கா கேட்டேன்."

பவுனம்மாள் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன்" என்று சொல்லி, அஞ்சுகத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தாள்.

ஆனி பிறந்தது. தாரகை சாம்பல் நிறச் சீருடையும் சத்தம் போடாத ரப்பர் செருப்புமாகக் கூடத்துக்குள் நடந்து வந்தாள். பலகைகளில் படுத்திருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு கூரையைப் பார்த்தார்கள். பவுனம்மாள் மட்டும் தலையை உயர்த்தி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏச்சு விழும், ஒரு சொல்லாவது விழும் என்று அஞ்சுகம் காத்திருந்தாள்.

"பாப்பாக்கு இந்த உடுப்பு நல்லா இருக்கு" என்றாள் பவுனம்மாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தின் கடைசியில் தாரகை அம்மாவின் தலைமாட்டில் வந்து குனிந்தாள். கூடத்தில் மற்ற எல்லோரும் அசந்திருந்தார்கள்; அஞ்சுகத்துக்கு மட்டும் இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை. பழுது பார்ப்பதற்கென்று ஒரு வித்தைக் கொஞ்ச நேரம் அணைத்துவைக்கக் காவல்காரிக்கு அதிகாரம் இருக்கிறதாம். நாள் ஒன்றுக்கு ஒருத்திக்கு மட்டும். அதற்கு மேல் போனால் மேலே தெரிந்துவிடும்.

"ஒனக்கு ஒரு மணி நேரம் அணச்சு வைக்கேன்மா. நல்லாத் தூங்கு. வெளிய மூச்சு விட்றாத."

அஞ்சுகம் அடுத்த பலகையைப் பார்த்தாள். பவுனம்மாளின் நெற்றி சுருங்கியிருந்தது. உதடு எதையோ தேடுவதுபோல் அசைந்தது. நாளுக்கு ஒருத்தி என்றால் முதலில் அக்காவுக்குக் கொடு. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் கண்ணை மூடினாள். காதுக்குப் பின்னால் மகளுடைய விரல் மெதுவாக அழுத்தியது.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவளுக்குக் கனவு வந்தது. நல்ல மழை; கரிசல் முழுக்கக் கம்பங்கதிர்; யாரும் யாரையும் எழுப்பவில்லை.

அந்த நேரத்தில் பவுனம்மாளின் மூளைக்கு ஒரு வேலை வந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு நகரத்தில், சாய்வு நாற்காலியில் படுத்திருந்த ஒருவர், உழைப்பாளிகளுக்கு ஆதரவாக, சொந்த உறக்கம் அவர்கள் உரிமை என்று, கண்ணில் நீர் வரும்படி நான்கு வரி வேண்டும் என்று தன் பொறியிடம் கேட்டிருந்தார். பவுனம்மாளிடம் மிச்சமிருந்த சொற்களிலிருந்து அந்த நான்கு வரி தயாராகி உடனே போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனார்.