நான்காவது தட்டல்

மூன்று முறை தட்டச் சொல்லியிருந்தாள். நான்கு கேட்டது.

ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். செயற்கைக்கோளில் இருக்கும் அவளுடைய கருவி, விண்வெளியில் திரியும் மின்காந்த அலைகளைப் பிடித்துக் கீழே அனுப்பும். அவற்றை ஒலியாக மாற்றிக் கேட்பது அவள் வேலை. கருவிக்குக் காது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. அது போனதும் கருவி தன்னைத்தானே மூன்று முறை தட்டிக்கொள்ளும். டொக், டொக், டொக். அதற்குமேல் தட்ட அதற்குத் தெரியாது. அங்கே தட்டுவதற்கு வேறு யாரும் கிடையாது.

"நாலு வந்துச்சே, பாத்தீங்களா?" என்று இன்டர்காமில் ஆன்டெனாக்காரரைக் கேட்டாள்.

"கணக்கெல்லாம் உங்க பாடு மேடம். மாப்பிள்ளை கிளம்புறாரு, வழியனுப்புங்க."

செயற்கைக்கோளுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அவள்தான். தன் நேரத்துக்குத்தான் வருவார், வந்தால் பத்து நிமிடம் தங்கமாட்டார், அதற்குள் விழுந்து விழுந்து கவனிக்க வேண்டும். அது அடிவானத்தில் இறங்கும்போதெல்லாம் "போயிட்டு வாங்க" என்பாள். வெறுமனே "போங்க" என்று யாரையும் அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. மகளையும் அப்படித்தான் வளர்த்திருந்தாள். யார் வந்தாலும் வாங்க என்று சொல்லணும், உட்காரச் சொல்லணும்.

இன்றும் சொன்னாள். "போயிட்டு வாங்க."

"போயாச்சு. ஆன்டெனாவைத் திருப்பிட்டேன்," என்றார் அவர். இன்டர்காம் அணைந்தது.

பிற்பகல் வெயில் ஜன்னல் திரையின் ஓரத்தில் கோடாக விழுந்து கிடந்தது. ஏசியின் ஈர வாடையும் சூடேறிய ஒயர்களின் வாடையும் கலந்து மூக்கை நெருடின. காதுக்குள் எண்ணெய் காய்வது போன்ற வெற்று இரைச்சல் மட்டும் நெடுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

டொக்.

ஹெட்ஃபோன் ஒயரைப் பிடுங்கினாள். இரைச்சல் நின்றது.

டொக்.

யோசிக்கும் முன்பே, வீட்டில் சொல்கிற மாதிரி, வாயில் வந்துவிட்டது.

"யாரது? வாங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் போட்டாள். தட்டல் நின்றுவிட்டது. அது நின்றதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

கைப்பேசி அலறியது. மகள். காய்ச்சலென்று பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் படுத்திருந்தாள்.

"அம்மா, யாரோ தட்டுறாங்க."

"அப்பா எங்க?"

"மருந்து வாங்கப் போயிருக்காரு."

"கதவைத் திறக்காத கண்ணு. யாரா இருந்தாலும் திறக்காத."

"கதவுல இல்லம்மா. மேலேருந்து."

போனில் அவளுக்கும் கேட்டது. டொக், டொக், டொக்.

டொக்.

குழந்தை தனியாக இருக்கிறாள். வீட்டுக்கு ஓடினாலும் அரை மணி நேரம். நான்தானே கூப்பிட்டேன், நானே அனுப்பிவிடுகிறேன் என்று ஒரு நினைப்பு, பைத்தியம் பிடித்த மாதிரி, அவளைப் பற்றிக்கொண்டது.

"போனை ஸ்பீக்கர்ல போடு. மேல பாத்துப் பிடி."

"பிடிச்சிட்டேம்மா."

போங்க. அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். நாக்கு பழகிய பாதையிலேயே போனது.

"போயிட்டு வாங்க."

தட்டல் நின்றது.

தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"போயிட்டாங்கம்மா," என்றாள் மகள்.

போனில் மகளின் மூச்சு. ஒன்று. இன்னொன்று.

"வந்துட்டாங்க."

"கண்ணு! வெளிய ஓடு! ஓடுடா!"

மகள் அவளிடம் பேசவில்லை. வேறு யாரிடமோ, சொல்லிக்கொடுத்தபடியே, மரியாதையாகப் பேசினாள்.

"வாங்க. உட்காருங்க. அம்மா இப்ப வந்துடுவாங்க."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதில் கனமான ஏதோ ஒன்று, மெல்ல, உட்கார்ந்தது.